மூக்கால் கடல் அளப்பவர்

மாமனார் தம் மாப்பிள்ளைக்கு ஐந்நூறு ரூபாய் கடன்பட்டுவிட்டார். பந்தயத்தில் தோற்ற கடன். இந்த மாமனாரைத் தனி ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். இவர் ஓர் இனம். பாலை முகர்ந்தே எப்போது கறந்தது என்பார்கள், காய்ச்சலைப் புறங்கையால் அளப்பார்கள், எந்தக் கருவியைக் காட்டினாலும் 'என் மூக்குக்கு முன்னால் இதெல்லாம் எம்மாத்திரம்?' என்பார்கள். பார்த்திருப்பீர்களே?

நம்மவர் படகு முதலாளி. மூன்றாம் வகுப்பைத் தாண்டாமல், துடுப்புப் பிடித்த கையாலேயே மூன்று விசைப்படகு வாங்கியவர். யாரும் கேட்கவேண்டாம்; தாமே சொல்வார். மாப்பிள்ளைக்கு விமானத்தில் வேலை. பறந்தபடியே கடல்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சுவார். எண்ணெய் மிதந்தால் பதிலுக்கு மினுங்கும், டீசல் ஒரு விதமாக, கச்சா எண்ணெய் வேறு விதமாக. சிந்தியவருக்கு அபராதம்.

"எண்ணெய் தேட விமானமா மாப்ளே? எனக்கு ஒரு மூச்சு போதும். யாரு ஊத்தினதுன்னும் சேத்துச் சொல்லுவேன். ஐந்நூறு பந்தயம்!"

மறுநாள் காலை தம் மூத்த படகில் கிளம்பினார். துறைமுக வாயிலில் மூக்கை நீட்டினார். எண்ணெய்! சரக்குக் கப்பலைத் திட்டினார். தெற்கே போனார். அங்கேயும்! ஈ காக்கை இல்லாத நடுக்கடலுக்குப் போனார். அங்கேயும்!

"கடலே கெட்டுப்போச்சு மாப்ளே!" என்று வயர்லெஸ்ஸில் முழங்கினார்.

"ஆமா மாமா, மேலேருந்து தெரியுது. எல்லாம் ஒரே என்ஜின் ஆயில். கோடு போட்ட மாதிரி இருக்கு."

"பாத்தீங்களா! கோடு எங்க முடியுது?"

"உங்க படகுக்குப் பின்னாடி."

மாமனார் படகின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் வலது பக்கம் திருப்புங்க மாமா." திருப்பினார். "கோடும் திரும்பிடுச்சு."

வீட்டுக்கு வந்தும் மாமனார் விடவில்லை. "முதல்ல கண்டுபிடிச்சது நான்தானே?"

"கண்டுபிடிச்சதும் நீங்கதான், ஊத்தினதும் நீங்கதான் மாமா. அபராதச் சீட்டு ஆபீஸ்லேருந்து தனியா வரும்."

"நாப்பது வருஷமா வீட்டுக்குள்ளயும் அந்த நாத்தம்தான்," என்றார் மாமியார். "நீங்க வந்தா வரும், போனா போயிடும்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன இடமெல்லாம் நாறுகிறது என்று நீங்கள் கடைசியாக அலுத்துக்கொண்டது எப்போது?

மாமனார் பணப்பையைத் திறந்தார். ஒவ்வொரு தாளையும் பழக்கதோஷத்தில் முகர்ந்து பார்த்து, மாப்பிள்ளையின் விரித்த உள்ளங்கையில் ஐந்து நூறையும் எண்ணி வைத்தார்.