எண்பது கிலோ மிளகும் எண்பத்திரண்டரை கிலோ மாமனும்

குண்டூர் நாடு,
கொல்லிமலை.
ஆனி மாதம் இருபதாம் தேதி.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் மணிவண்ணன் அவர்களுக்கு, மாமன் மாதேஸ்வரன் எழுதிக்கொள்வது. அம்மன் அருளால் இங்கே உங்கள் அக்கா பொன்னாயி சுகம். மாடு கன்று சுகம். மழையும் அளவோடு பெய்கிறது. நான் ஒருவன் மட்டும் அளவுக்கு மேல் சுகமாக இருக்கிறேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நாமக்கல்லில் தாங்களும் தங்கள் துணைவியார் ராதிகாவும் குழந்தைகளும் சுகமாக, ஆனால் அளவோடு, இருக்க வேண்டுகிறேன்.

கையில் போன் இருக்கும்போது இந்த மனுசன் எதற்குப் பேனாவைத் தூக்கினான் என்று தாங்கள் நினைக்கக்கூடும். நம் ஊட்டில் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று. தண்ணீர்த் தொட்டிக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவில் நாலடி. அந்த நாலடியில் உங்கள் அக்கா பாத்திரம் துலக்குகிறாள், துணி துவைக்கிறாள், ஒரு வேலையும் இல்லாவிட்டால் சும்மா நின்று மேகம் பார்க்கிறாள். நான் சொல்லப்போகிற விஷயமோ அவள் காதில் விழவே கூடாதது. ஆகவே தபால்.

போன ஐப்பசியில் அவளுக்கு வயிற்றில் கட்டி என்று ஆபரேஷன் நடந்தபோது நீங்களும்தான் கூட இருந்தீர்கள். நீங்கள் டீ வாங்கப் போன நேரத்தில் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் மலை இருக்கும் திசையைப் பார்த்து நின்று, "இவளை நடக்க வைத்து ஊட்டுக்கு அனுப்பு தாயே, ஆடித் திருவிழாவில் என் எடைக்கு எடை மிளகு கொட்டுகிறேன்" என்று நம்ம ஊர் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். துலாபாரத்துக்குச் சிலர் வாழைப்பழம் வைக்கிறார்கள், சிலர் வெல்லம் வைக்கிறார்கள். எனக்கு அன்றைக்கு வாழைப்பழம் ஞாபகத்துக்கு வரவில்லை. உங்கள் அக்கா இல்லாத ஊட்டை நினைத்துப் பார்த்துவிட்டு நின்றேன், அவ்வளவுதான் தெரியும். இருபது நாளாக ஒழுங்காகத் தின்னாததில் அன்று நான் அறுபத்தாறு கிலோ. அங்கே கிடந்த எடை மிஷினில் ஏறிப் பார்த்தேன். அம்மனும் வாக்குத் தவறவில்லை. உங்கள் அக்கா நடந்து வந்தாள். வந்த மறுநாளே அடுப்பைப் பற்ற வைத்தாள். சித்திரைக்குள் நான் எழுபத்தெட்டு கிலோ ஆகிவிட்டேன்.

இந்த வருசம் மிளகு ஏமாற்றிவிட்டது மாப்பிள்ளை. காய வைத்து, தூற்றி, மூட்டை கட்டினால் மொத்தமே எண்பது கிலோ. அதாவது எனக்கும் மிளகுக்கும் நடுவில் இரண்டே கிலோ. நான் இன்னும் நாலு வேளை நன்றாகச் சாப்பிட்டால் அம்மன் சன்னதியில் ஊரே பார்க்க மிளகு பூராவும் கொட்டின பிறகும் என் தட்டு தரையை விட்டு எழும்பாது. எழும்பாவிட்டால் என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரியும். பங்காளி செங்கோடன் துண்டை உதறிக்கொண்டு எழுந்து, "நம்ம ஊட்டு மிளகு ஒரு மூட்டை கொண்டாங்கடா" என்பான். வேலித் தகராறில் நாலு வருசமாக என் முகம் பார்க்காதவன். அவன் மிளகில் நான் மேலே எழும்புவதைவிடத் தட்டிலேயே உட்கார்ந்து உயிரை விடலாம். இதைத்தான் அன்றைக்குச் சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் உங்களிடம் மட்டும் சொன்னேன். நீங்களும் உடனே அந்த வீடியோவை அனுப்பினீர்கள்.

வீடியோவில் வந்த தம்பி நல்ல ஒல்லி. சோற்றுத் தட்டைக் காட்டி அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டார். மாவுச்சத்துதான் எடைக்கு முதல் எதிரி, அரிசி, கேழ்வரகு, சாமை, கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தினால் உடம்பு தானாகக் கரையும் என்றார். நான் முப்பது வருசமாகப் பயிர் பண்ணுவதே குச்சிக்கிழங்குதானே. லாரி லாரியாக மலையிலிருந்து இறக்கி ஜவ்வரிசி மில்லுக்கு அனுப்பினவன். தமிழ்நாட்டில் பாதிப்பேர் தொப்பைக்கு நான்தான் பொறுப்போ என்று ஒரு நாள் முழுக்க வருத்தப்பட்டேன். மறுநாள் காலையில் தட்டைத் தள்ளிவைத்து, "இனிமேல் எனக்குச் சோறு வேண்டாம், களி வேண்டாம், கிழங்கு கண்ணிலேயே காட்டாதே, மூட்டு வலிக்கு டாக்டர் சொன்னார்" என்று உங்கள் அக்காவிடம் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எந்த டாக்டருங்க?" என்றாள். "பெரிய டாக்டர்" என்றேன். "சரிங்க" என்று போய்விட்டாள். அவள் அவ்வளவு சுலபமாகச் சரி என்று சொன்னது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

முதல் வாரம் மூன்று கிலோ இறங்கியது. சந்தையில் மிளகு வியாபாரி தனபால் மூட்டை நிறுக்கிற தராசில்தான் ஏறிப் பார்த்தேன். எழுபத்தைந்து என்று காட்டியதும் நான் ஊருக்குள் நடந்த நடையைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை என்று நாலு பேரிடம் வலியப் போய்ச் சொன்னேன். மாவுச்சத்தின் கொடுமைகளைப் பற்றி டீக்கடையில் அரைமணி நேரம் பேசினேன். பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு இன்னும் இரண்டு பரோட்டா சொன்னார்.

பசி என்று ஒன்று இருக்கிறதே மாப்பிள்ளை, அதைப் பற்றி அந்த ஒல்லித் தம்பி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் பலாப்பழத்தையும் ஒன்றும் சொல்லவில்லை. வீடியோவை மூன்று தடவை பார்த்தேன், பெருக்கல் குறி போட்டதில் பலாப்பழம் இல்லை. கிழங்கு மண்ணுக்குள் விளைகிறது, அது மாவு. பலா மரத்தில் காய்க்கிறது, அது பழம். இப்படி ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். வைகாசியில் நம் தோட்டத்தில் பலா எப்படிக் காய்க்கும் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் பதினைந்து சுளை, அதைத் தேனில் தொட்டு. தேனும் மாவில்லை, பூவிலிருந்து வருவது. பத்து மணிக்கு ஒரு சீப்பு மலைவாழைப்பழம். மத்தியானம் கறிக்குழம்பை மட்டும் ஒரு சொம்பு. சாயங்காலம் வறுத்த நிலக்கடலை, வாய் சும்மா இருக்கக்கூடாது என்பதற்காக. நிலக்கடலையும் மண்ணுக்குள்தான் விளைகிறது என்று நடுவில் ஒரு சந்தேகம் வந்தது. அதைத் தோலுரித்துத் தின்பதால் பரவாயில்லை என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். உங்கள் அக்கா செய்து கொடுத்த கீரையும் முட்டையும் மோரும் வேறு. விரதச் சாப்பாடு இவ்வளவு ருசியாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் இருபது வயதிலேயே விரதம் இருந்திருப்பேன்.

ஆனி பிறந்ததும் தராசில் ஏறினேன். எழுபத்தொன்பது. காற்று அடித்ததால் இருக்கும் என்று இறங்கிவிட்டேன். போன சந்தையில் மறுபடி ஏறினேன். எண்பத்திரண்டரை. தனபால் கீழ்நாட்டுக்காரர், சேந்தமங்கலத்தில் மண்டி வைத்திருக்கிறார், எதையும் வியாபாரமாகத்தான் பார்ப்பார். "ஏனுங்க மாதேஸ்வரன், சாக்கு எடையக் கழிச்சுப் போடலாங்களா?" என்று என் வேட்டியைக் காட்டிக் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அவமானத்தை மறைக்க, "ஈரப்பதத்துக்கும் சேத்துக் கழிங்க" என்றேன். அவர் என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாக் காஞ்ச சரக்குங்க, கழிவே கெடையாது" என்றார்.

அடுத்தநாள் ரத்த அழுத்தம் பார்க்கிற சாக்கில் துணை சுகாதார நிலையத்து நர்ஸ் சங்கீதாவிடம் போனேன். சோறு தின்றால் எடை ஏறுமா என்று யாரோ கேட்கச் சொன்னமாதிரி கேட்டேன். அந்தப் பொண்ணு கெட்டிக்காரி. "சோறுன்னு இல்லீங்க. சோறோ, நெய்யோ, கறியோ, ஒடம்பு செலவு பண்றதுக்கு மேல உள்ள போனா எடை ஏறும். அளவாத் தின்னா சோத்துனால ஒண்ணும் ஆகாதுங்க. மொத வாரம் எறங்குனதுல பாதி வெறுந் தண்ணிங்க. ஆமா, சோத்த உட்டுப்போட்டு நீங்க என்னதான் சாப்புடறீங்க?" என்றது. சொன்னேன். பலாவில் ஆரம்பித்து நிலக்கடலைக்கு வருவதற்குள் அது எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "பலாப்பழத்துலயும் மாவும் சக்கரையுந்தானுங்க இருக்குது" என்றது. "மரத்துல காய்க்குதே" என்றேன். இரண்டு சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டது.

குறுக்கு வழியும் பார்த்துவிட்டேன், மறைப்பானேன். வேண்டுதலைத் தள்ளிவைத்து அடுத்த விளைச்சலில் பச்சை மிளகாகக் கொட்டலாமா, அது காய்ந்ததைவிட மூணு பங்கு எடை நிற்குமே என்று பூசாரியிடம் ஜாடையாகக் கேட்டேன். அவர் திருநீறு கொடுக்க நீட்டின கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "பொண்டாட்டி உசுரக் கேக்கறப்ப பச்சையா காஞ்சதான்னு சொன்னியாப்பா?" என்றார். நான் திருநீறு வாங்காமலே வந்துவிட்டேன்.

ஆக, இரண்டு மாதமாக ஒரு பருக்கை சோறோ ஒரு துண்டு கிழங்கோ தொடாமல் நாலரை கிலோ ஏறியிருக்கிறேன். மாவுச்சத்து எடை ஏற்றும் என்று நீங்கள் அனுப்பியது சுத்தப் பொய் என்பதற்கு நானே நடமாடும் சாட்சி. மாவே தின்னாதவன் எப்படி ஏறினான் என்று அந்த ஒல்லித் தம்பியைப் பதில் சொல்லச் சொல்லுங்கள். இதில் என் தப்பு ஒன்றும் இல்லை, உங்கள் தப்புத்தான் அதிகம். அதற்குப் பரிகாரமாக ஒன்று செய்யுங்கள். நாமக்கல்லில் மளிகைக் கடையில் நல்ல மிளகாக மூணு கிலோ வாங்கி, துணிப் பைக்குள் துணிக்கு நடுவில் வைத்து, திருவிழாவுக்கு முதல் நாள் கொண்டுவாருங்கள். கொல்லிமலைக்குக் கீழேயிருந்து மிளகு சுமந்து வந்த முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். பஸ்ஸில் யாராவது வாசம் பிடித்தால் கசாயத்துக்கு என்று சொல்லுங்கள். மூட்டையோடு கலந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. முக்கியமாக உங்கள் அக்காவுக்கு. அவள் உயிருக்காக வேண்டினதில் எடை குறைக்கப் பார்த்தேன் என்று தெரிந்தால் அவள் திட்டமாட்டாள் மாப்பிள்ளை, பேசாமல் இருந்துவிடுவாள். அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ராதிகாவுக்கு என் ஆசீர்வாதம் சொல்லவும். குழந்தைகள் நன்றாகப் படித்து, நன்றாகத் தின்று, மாமன்காரன் மாதிரி ஆகாமல் தீர்க்காயுசோடு இருக்க அம்மன் துணை நிற்பாள்.

இப்படிக்கு,
பாரமான மனதுடனும் அதற்கேற்ற உடம்புடனும்,
மாமன் மாதேஸ்வரன்.

பின்குறிப்பு: மிளகு வாங்க வேண்டாம். உறையை ஒட்டப் பசை இல்லை. அடுப்படியில் போய் நாலு சோற்றுப் பருக்கை கேட்டேன். இரண்டு மாதமாகச் சோறே வேண்டாமென்ற மனுசன் பருக்கை எதற்குக் கேட்கிறான் என்று உங்கள் அக்கா கூடவே வந்துவிட்டாள். கடிதத்தை நின்றபடியே முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியுமுங்க" என்றாள். பச்சை மிளகு சங்கதியைப் பூசாரி பொண்டாட்டி வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அதற்கு முன்னாலேயே, நான் தூக்கத்தில் கிலோக் கணக்கு சொல்கிறேனாம். ஆகவே மாப்பிள்ளை, மேலே நான் எழுதிய சாட்சியம் செல்லாது. கீரையில் தினம் ஒரு குழிக்கரண்டி கடலெண்ணெய் ஊற்றியிருக்கிறாள். முட்டையை நெய்யில் மிதக்கவிட்டிருக்கிறாள். மோர் என்று கொடுத்தது ஏடு எடுக்காத தயிர். கறிக்குழம்பு அவ்வளவு கெட்டியாக இருந்தது எதனால் என்றால், நம் கிழங்கை இடித்துச் சலித்த மாவினால். இரண்டு மாதமாக நான் வேளைக்கு வேளை மாவுதான் குடித்திருக்கிறேன். ஒல்லித் தம்பி சொன்னது சரியா தப்பா என்று இனிமேல் என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

"ஏன் புள்ளை இப்படிப் பண்ணினே?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில கண்ணத் தொறந்து பாத்தப்ப எலும்புந் தோலுமா நின்னுட்டிருந்தீங்க. நான் பொழைக்கறது இருக்கட்டும், இவரு தேறோணும்னு நானும் அந்தம்மன்கிட்ட வேண்டிக்கிட்டேனுங்க. அத நீங்க கொறைக்கப் பாத்தா நான் உடுவனா?" என்றாள். பிறகு பரணிலிருந்து ஒரு பையை இறக்கி என் முன்னால் வைத்தாள். கொல்லையில் சவுக்கு மரத்தில் ஏறியிருக்கிற அவளுடைய கொடி மிளகு, காய்ந்தது, பன்னிரண்டு கிலோ. "இன்னும் ஒம்பது கிலோ ஏறுனாலும் தாங்கும். வந்து சோறு தின்னுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் எழுந்து போய்ச் சோறு தின்றுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். நீங்கள் வெறுங்கையோடு வந்தால் போதும். ஆனால் கட்டாயம் வாருங்கள், தராசில் என்னை ஏற்றி இறக்க இரண்டு பேர் வேண்டியிருக்கும்.