அயர்லாந்துப் பேச்சும் கச்சான் மெசினும்

எனக்கு ஆங்கிலம் தெரியாது. அதில் வெட்கமில்லை. தெரிந்தவள் மாதிரி ஒரு மணித்தியாலம் நடித்தேனே, அதுதான் வெட்கம்.

எங்கள் ஊர் உடையார்கட்டில் நாங்கள் ஆறு பெண்கள் ஒரு கொட்டிலில் கச்சான், அதாவது நிலக்கடலை, உடைத்து, வறுத்து விற்கிறோம். அப்போது எல்லாம் கையால்தான். தவமணியக்கா பெருவிரல் நகங்கள் இரண்டும் பிளந்து, எப்போதும் பிளாஸ்டரோடுதான் இருப்பார். கோது உடைக்கும் மெசின் கேட்டு ஓர் உதவி நிறுவனத்துக்கு எழுதியிருந்தோம். நேரில் பார்த்து முடிவெடுக்க அயர்லாந்துக்காரி ஒருவர் வருகிறார், பெயர் நோரா என்று தகவல் வந்தது.

என் சொந்த அக்காவின் மகள் சுதா அந்த நாட்டில்தான் தாதியாக இருக்கிறாள். அங்கத்தைச் சனம் அன்றாடம் பேசும் பேச்சில் நாலு சொன்னால் மனிசி குளிர்ந்துபோகும் என்று, பன்னிரண்டு வார்த்தைகளை வட்ஸ்அப்பில் அனுப்பினாள். ‘வட்ஸ் த கிரேக்’ என்றால் என்ன புதினம், என்ன சேதி. ‘கிராண்ட்’ என்றால் நல்லாயிருக்கு. ‘நொட் எ பொதர்’ என்றால் ஒரு கரைச்சலுமில்லை, ஒரு தொந்தரவுமில்லை. ‘ஷுவர் லுக்’ என்றால், வேறென்ன செய்யிறது.

“சித்தி, ஒண்டு ரெண்டைச் சொல்லுங்கோ, அவ்வளவு காணும்,” என்றாள்.

நான் கேட்பேனா? பள்ளிக்கூடத்தில் பசுவைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையை மூச்சு விடாமல் ஒப்புவித்துப் பரிசு வாங்கியவள் நான். (என் ஆங்கிலக் கல்வி அந்தப் பசுவோடு முடிந்தது.) பன்னிரண்டையும் கொப்பியில் எழுதி, வரிசை பிசகாமல் பாடமாக்கினேன். அர்த்தங்களை விட்டுவிட்டேன். பசுவுக்கே நான் அர்த்தம் பார்த்ததில்லை.

நோரா வந்த அன்றைக்கு, எங்களுக்காக வர இருந்த மொழிபெயர்ப்பாளரின் மோட்டார் சைக்கிள் விசுவமடுவில் காற்றுப் போய் நின்றுவிட்டது. நோரா மட்டும் வான் வண்டியில் வந்து இறங்கினார். முதலாவதை எடுத்து விட்டேன். மனிசி வாயைப் பிளந்தார், பிறகு என்னைக் கட்டிப்பிடித்துச் சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

குவியலைக் காட்டி ஏதோ கேட்டார். கிராண்ட் என்றேன். தவமணியக்காவின் விரலைப் பிடித்து, முகம் வாடிக் கேட்டார். நொட் எ பொதர் என்றேன். என்ன வேண்டும் என்பதுபோலக் கைகளை விரித்தார். ஷுவர் லுக் என்றேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மெசின் வந்த மாதிரித்தான் என்று மற்றவர்களுக்குக் கண் காட்டினேன்.

கடைசியில் மொழிபெயர்ப்பாளர் வந்து சேர்ந்தார். நோரா எழுதியதைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அக்கா, வேலை நல்லாப் போகுது, கைநோ ஒரு கரைச்சலுமில்லை எண்டு நீங்கள்தானே சொல்லியிருக்கிறியள். மெசினை வேறை ஊருக்குக் குடுக்கலாம் எண்டு எழுதியிருக்கிறா.”

“இங்கிலீசு கதைச்சு மெசினைத் திருப்பி அனுப்பினவள் நீ ஒருத்திதானடி,” என்றார் தவமணியக்கா.

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. வந்தது என்மேல். ஆனால் பக்கத்தில் இருந்தது நோரா. எங்கள் கொட்டிலில் யாரும் சும்மா இருக்கக்கூடாது, கதைத்தபடியே உடைக்க வேண்டும். விருந்தாளி என்று அவரை விட்டுவைத்திருந்தோம். கச்சான் நிறைந்த சுளகொன்றைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன்.

“இருந்து உடையுங்கோ. பிறகு எழுதுங்கோ.”

மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை.

அரை மணித்தியாலம் தலை நிமிராமல் உடைத்தார். நகக்கண்ணில் இரத்தம் கசிந்ததும் தவமணியக்கா பதறிப்போய்ப் பிளாஸ்டர் ஒட்டினார். நோகிறதா என்று கேட்டோம். கிராண்ட் என்றார். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அவர்கள் ஊரில் கூரை பறந்தாலும் அப்படித்தான் சொல்வார்களாம். கால் முறிந்து கிடந்த அவருடைய தாயும் அதையேதான் சொன்னாராம். அது தெரிந்திருந்தும் உங்கள் வாயைக் கேட்டு எழுதிவிட்டேன், விரலைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும் என்றார். எழுதியதை எங்கள் முன்னாலேயே வெட்டினார்.

நாலு மாதத்தில் மெசின் வந்தது. இன்று ஆறு பேருக்கும் நகம் முழுசாக இருக்கிறது. என் வாயில் நன்றி லேசில் வராது. அந்த மனிசிக்கு மட்டும் தினமும் மனதுக்குள் சொல்கிறேன்.

ஆனால் தவமணியக்கா அன்றோடு ஒரு பழக்கம் பிடித்துவிட்டார். வருகிறவர்களுக்கென்று எப்போதும் ஒரு சாக்குக் கச்சானை மெசினில் போடாமல் ஒதுக்கி வைப்பார். எந்த அதிகாரி வந்தாலும் முதலில் மடியில் சுளகுதான். என் மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையும் தப்பவில்லை. அவர் அரைக் கிலோ உடைத்த பிறகுதான் தவமணியக்கா அவருடைய பெயரையே கேட்டார். இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் மருமகன் பெருவிரலைக் காட்டிச் சொல்வார்: “தாலி கட்ட முதலே எனக்குப் பிளாஸ்டர் ஒட்டின குடும்பம்.”