மீன்தலை கொடுக்காத சுறா

திருகோணமலையில் சுறாவிடம் இரத்தம் கேட்டு வாங்கினவர்கள் இருக்கிறார்கள். மீன்தலை கேட்டு வாங்கினவர் ஒருவரும் இல்லை.

சுறா மீன் இல்லை. ஆள். சந்தையில் மீன் வெட்டுகிறவர். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். நான் அதே சந்தைக்கு ஐஸ் உடைத்துப் போடுகிறவன். என் இடத்துக்கும் அவரின் மரக்குற்றிக்கும் நடுவில் ஒரு வாளி வைக்கலாம். அவ்வளவு கிட்ட.

காலமை புட்டோடு மீன். மத்தியானம் சோற்றோடு மீன். பின்னேரம் தேத்தண்ணியோடு பொரித்த சூடைமீன். காய்ச்சல் வந்தால் பத்தியம் பிடிப்பார். மீன் சொதி.

ஆனால் தலைதான் அவருக்கு உயிர். மீன் வெட்டக் கொடுக்கிற சனத்திடம் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு சொல்லுவார்.

"தலையில ஒண்டும் இல்லை அக்கா. வெறும் முள்ளு. பிள்ளையளுக்குத் தொண்டையில குத்தும். இஞ்ச விட்டிட்டுப் போங்கோ, நான் எறியிறன்."

எறிவார். தன் பைக்குள் எறிவார்.

அவரின் மூக்குக்கு ஊரில் பெரிய மதிப்பு. செவுளை விரித்து மூக்கை வைப்பார். "விடியப் பிடிச்சது, பயப்பிடாம எடுங்கோ" என்பார். இல்லையென்றால் ஒன்றும் பேசாமல் மீனைத் திருப்பி வைப்பார். பிறகு அந்த மீனை ஒருவரும் தொடமாட்டார்கள். சந்தைப் பூனைகள் எல்லாம் அவருக்குப் பின்னால்தான் நடக்கும். தேர் போகிற மாதிரி இருக்கும்.

இப்படி நாற்பது வயது வரைக்கும் நிம்மதியாக இருந்த மனிசன்.

சந்தைக்கு முன்னால் ஒரு தையல்கடை வந்தது. சம்பூர்ப் பக்கத்துப் பெண். அன்புவழிபுரத்தில் தாயோடு வாடகைக்கு இருந்தா. வந்து கொஞ்ச நாளிலேயே சந்தை அவவுக்கு மெசினக்கா என்று பெயர் வைத்துவிட்டது. சுறா மீன் வாங்க வருகிற பொம்பிளைகள் எல்லாரையும் அக்கா என்பார். பல்லில்லாத ஆச்சியும் அக்கா, பள்ளிக்கூடப் பிள்ளையும் அக்கா. இவவை மட்டும் ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. அங்கேதான் எனக்குப் பிடிபட்டது.

இடுப்பில் கட்டுகிற சாரத்தின் இரண்டு ஓரத்தையும் சேர்த்து மூட்டவேண்டும் என்று கடைக்குப் போனார். மூட்டின சாரத்தின் தையலை அவரே இருந்து பிரித்ததை நான் கண்டனான். அடுத்த கிழமை இன்னொன்று பிரித்தார். சாரம் முடிந்ததும் என் சாரத்தைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. கட்டியிருந்தேன்.

ஒருநாள் துணிந்து கையில் ஒரு கலவாய் மீனோடு போனார். நல்ல பெரிய மீன். தலை இல்லை. காதல் வந்த நேரத்திலும் தலையை வெட்டி எடுத்து வைத்துவிட்டுத்தான் போனவர்.

போன வேகத்தில் மீனோடு திரும்பி வந்தார்.

"மச்சான், ரெண்டு அடி விழுந்திட்டுது."

"ஆர் அடிச்சது?"

"அண்ணை எண்டிட்டா. அது முதல் அடி. எங்கட வீட்டுக்கு மீன் கொண்டு வராதேங்கோ எண்டிட்டா. அது ரெண்டாவது. அவ சைவம், மச்சான்."

"விடு. உனக்குச் சரிவராது."

"நான் மாறப்போறன்."

"எந்தச் சந்தைக்கு?"

"சைவத்துக்கு."

நான் ஐஸ் உடைப்பதை நிற்பாட்டினேன். அது என்னிடம் லேசில் நடக்கிற காரியம் இல்லை.

மாறினார். முதலில் மணத்தை மாற்றினார். தேசிக்காய் போட்டுத் தேய்த்தார். உடுப்புத் தோய்க்கிற தூள் போட்டுத் தேய்த்தார். மேலுக்குச் சந்தனம், பவுடர், சாம்பிராணிப் புகை. மீன் மணம் போகவில்லை. மற்ற மணமெல்லாம் அதோடு சேர்ந்தது. திருவிழாவில் கருவாட்டுக்கடை போட்ட மாதிரி இருந்தது.

பிறகு தொழிலை மாற்றினார். மீன் வெட்டுவதை விடமுடியாது, அது சோறு. அதனால் ஒவ்வொரு மீனுக்கும் முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, முகத்தை அங்காலே திருப்பிக்கொண்டு வெட்டினார். துண்டு ஒன்று பெரிசு, ஒன்று சின்னன். விரலுக்கு இரண்டு பிளாஸ்டர்.

"அண்ணை, மணந்து பாத்துச் சொல்லுங்கோவன்" என்று ஒரு அக்கா பாரையை நீட்டினா.

"நான் இப்ப மணக்கிறேல்லை அக்கா. பாவம்."

"ஆருக்குப் பாவம்?"

"மீனுக்கு."

"செத்த மீனுக்கு என்ன பாவம்? நான் காசு குடுத்து வாங்கிறன், எனக்குத்தான் பாவம்."

அக்கா பக்கத்துக் குற்றிக்குப் போய்விட்டா. அவவுக்குப் பின்னால் வந்தவையும் போய்விட்டார்கள்.

பூனைகளும் போய்விட்டன. மான்கள் வந்தன. எங்கள் ஊரில் மான் காட்டில் நிற்காது, பஸ் நிலையத்தில் நிற்கும். சுறா மத்தியானம் வல்லாரைச் சம்பலும் முருங்கையிலை வறையும் வைத்துக்கொண்டு குந்தியிருப்பார். மான் ஒன்று பக்கத்தில் வந்து நின்று அவரையும் பார்க்கும், பார்சலையும் பார்க்கும். ஒருநாள் இரண்டும் ஒரே பார்சலில் சாப்பிட்டதைக் கண்டேன். மான் கொஞ்சம் விருப்பமாகச் சாப்பிட்டது.

சந்தை அவரின் பெயரை மாற்றியது. சுறா போய் மான் ஆனார்.

"மானண்ணை, இந்தச் சூரையை ஒருக்கா வெட்டித் தாங்கோ. கோவிச்சுக்கொண்டு பாயாதேங்கோ."

அவர் வெட்டிக்கொண்டே தையல்கடைப் பக்கம் பார்ப்பார்.

ஒருநாள் மூன்றாம் தரம் பிரித்த சாரத்தோடு போய் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"நானும் சைவம்தான். வெட்டிறதோட சரி. வாயில வைக்கிறேல்லை."

மெசினக்கா மெசினை நிற்பாட்டிவிட்டுப் பார்த்திருக்கிறா.

"மீனுக்குள்ளயே நிண்டுகொண்டு மீன் தொடாம இருக்கிறீங்களே. ஆரால ஏலும் அண்ணை?"

"மனசை அடக்கினா ஏலும்" என்றாராம் சுறா. முதல் நாள் இரவு கருவாடு கனவு கண்டு கத்தின மனிசன்.

அன்றிலிருந்து அவவிடமிருந்து பார்சல் வரத் தொடங்கியது. பாகற்காய்க் கறி. வாழைக்காய் வறை. பூசணிக்காய் பாலில் போட்டது. சுறா பார்சலைக் கும்பிட்டுப் பிரிப்பார். கண் கலங்கச் சாப்பிடுவார்.

"நல்லாயிருக்கோ?"

"அன்பு இருக்கு, மச்சான்."

"கறி?"

"அன்பு இருக்கு எண்டு சொன்னனான்."

பாகற்காய் நல்லாயிருக்கிறது என்று அவவுக்குச் சொல்லியிருக்கிறார். அதனால் பாகற்காய் கூடிக்கொண்டே வந்தது.

மனிசன் வற்றிப்போனார். சாரம் இடுப்பில் நிற்கவில்லை. ஒரு பின்னேரம் என் ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். உள்ளே ஒரு விளைமீன் கிடந்தது. இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டேன். நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது.

"குளிர் அடிச்சிட்டுது" என்றார்.

"சொல்லிப்போடு. எனக்கு மீன் இல்லாமல் ஏலாது எண்டு சொல்லு."

"சொன்னா அவ போயிடுவா. தை பிறக்கத் தாயிட்டப் பொம்பிளை கேக்கப்போறன். அதுவரைக்கும் நான் ஒரு மீனும் தொட்டன் எண்டு அவவின்ர காதில விழக்கூடாது." பெட்டியை மூடினார். "மச்சான், நாளைக்கு நீ கிண்ணியாவுக்கு ஐஸ் ஏத்திறியோ?"

"ஓம்."

"நானும் வாறன். பூசணிக்காய் வாங்கவேணும்."

பூசணிக்காய் எங்கள் சந்தையிலேயே கிடக்கிறது. விடிய வந்துவிடு என்றேன்.

லொறியில் போகும்போது சத்தியம் பண்ணினார். இன்றைக்கு ஒரே ஒரு தலை. பிறகு சாகும்வரைக்கும் மரக்கறி. பாலம் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

கிண்ணியாவில் ஒரு சாப்பாட்டுக்கடை. தலைக்கறிக்குப் பெயர் போன இடம். முன்பக்கம் ஆம்பிளைகளுக்கு. பின்னால் திரை போட்டு மறைத்த பக்கம் பொம்பிளைகளுக்கு. கடைக்காரரை எல்லாரும் நானா என்போம். சுறா போன உடனே அவரிடம் கேட்டார்.

"நானா, தலை இருக்கோ?"

"ஒண்டு இரிக்கி தம்பி. ஆனா திரைக்கு அங்கால ஒரு ஆள் கேட்டுட்டாங்க."

சுறாவின் முகத்தைப் பார்க்கவேண்டும். பெற்றோல் முடிந்த போட் மாதிரி நின்றார். பிறகு திரைக்குப் பக்கத்தில் போனார். மேலே காற்றாடி கடகடவென்று ஓடியது. கத்தித்தான் பேசவேண்டும்.

"அக்கா. குறை நினைக்காதேங்கோ. தலையில ஒண்டும் இல்லை அக்கா. வெறும் முள்ளு. தொண்டையில குத்தும்."

திரைக்குள்ளிருந்து வாய் நிறையச் சோற்றோடு ஒரு குரல் வந்தது.

"குத்தினாக் குத்தட்டும். நான் எவ்வளவு காலத்துக்குப் பிறகு சாப்பிடுறன் எண்டு தெரியுமோ?"

"என்னைவிடவோ? என்னைப் பாருங்கோ, எலும்பும் தோலும்."

"திரைக்குள்ளால எப்பிடிப் பாக்கிறது? ஒரு ஆளுக்காக மீனை விட்டு, அந்த ஆளுக்குச் சமைச்ச பாகற்காயை நானும் திண்டு என்ர நாக்குச் செத்துப்போச்சு. இண்டைக்கு விடமாட்டன்."

"நானும் ஒரு ஆளுக்காகத்தான் விட்டனான்."

"அப்பிடியான ஆளை விட்டிட்டு மீனைச் சாப்பிடுங்கோ."

"ஏலாது."

"ஏன் ஏலாது?"

"அவ மூட்டின சாரத்தைத்தான் கட்டியிருக்கிறன். மூண்டு தரம் மூட்டினது."

திரை விலகியது. மெசினக்கா கையில் சோற்றோடு நின்றா. நானா கறிச் சட்டியோடு நடுவில் நின்றார். நான் தண்ணீர் குடித்தேன். வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

"நீங்கள் சைவமெல்லோ?" என்றார் சுறா.

"நீங்களெல்லோ சைவம்" என்றா அவ.

பிறகுதான் விஷயம் வெளியில் வந்தது. சுறா கலவாய் கொண்டுபோன கிழமை சம்பூரில் அவவின் பெரியப்பா மோசம் போயிருந்தார். எங்கள் பக்கத்தில் செத்தவீடு நடந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரைக்கும் இனசனத்தின் வீட்டில் மீன் சமைக்கமாட்டார்கள். சாரம் மூட்ட வந்தவரிடம் குடும்பத்துச் சாவைச் சொல்லுவானேன் என்று அவ சுருக்கமாகச் சொல்லிவிட்டா. அந்தியேட்டி முடிந்ததும் மீன் வாங்கச் சந்தைக்கு வர இருந்தவ. அதுக்குள்ளே சுறா போய்ச் சைவம் என்று நெஞ்சை நிமிர்த்தினார். இப்படி ஒரு நல்ல மனிசனுக்கு முன்னால் மீன் பையைத் தூக்கிக்கொண்டு போவதா என்று அவவும் விட்டுவிட்டா.

"சம்பூரில நான் பிறந்ததே மீனுக்குள்ள" என்றா. "பாகற்காய் எனக்குக் கண்ணிலயும் காட்டேலாது. நீங்கள் விருப்பம் எண்டு சொன்னதாலதான் சமைச்சனான்."

"நான் நீங்கள் சமைச்சதாலதான் விருப்பம் எண்டனான்."

"நான் தலையை எங்க வைக்க?" என்றார் நானா. கை நொந்திருக்கும்.

கடை முழுக்கப் பார்த்தது. நல்ல பாரைத்தலை. இரண்டு கண்ணும் முழுசாக இருந்தது. சுறா அதைப் பார்த்தார். இரத்தம் கேட்டிருந்தால் உடனே கொடுத்திருப்பார். இதுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு கையை நீட்டி நானாவின் சட்டியை அவவின் மேசைப் பக்கம் மெல்லத் தள்ளிவிட்டார்.

"அவவுக்கு வையுங்கோ."

நான் நாள் முழுக்க ஐஸ் கரைவதைப் பார்க்கிறவன். இப்படி ஒன்று கரைந்து கண்டதில்லை.

மெசினக்கா தலையைப் பார்த்தா. அவரைப் பார்த்தா. கதிரை ஒன்றை இழுத்துப் போட்டா.

"நீங்களும் இருந்து சாப்பிடுங்கோ" என்றா.

அண்ணை என்று சொல்லவில்லை. சுறா திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கும் கேட்டதா என்று. கேட்டது. தலை ஆட்டினேன்.

தை பிறக்கக் கலியாணம் நடந்தது. கலியாணச் சாப்பாடு எப்போதும்போல மரக்கறி. ஐயர் போன கையோடு வாழையிலையில் பாகற்காய் விழுந்தது. மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கின பாட்டை, வந்த சனம் வெட்கம் என்று நினைத்தது. மீன், இறைச்சி சமைக்கத் தொடங்குகிற நாலாம் சடங்கு அன்றைக்கு அந்த வீட்டில் சமைத்த மீனுக்கு என் ஐஸ் பெட்டி போதவில்லை.

இப்போது மூக்கு வேலைக்குத் திரும்பிவிட்டது. சனமும் திரும்பிவிட்டது. பூனைகளும் வந்துவிட்டன. மான் ஒன்று மட்டும் இன்னும் மத்தியானத்தில் வந்து அவரின் பார்சலை எட்டிப் பார்த்துவிட்டு மனம் உடைந்து போகிறது. பெயர் திரும்பவும் சுறா. தலைகள் எல்லாம் மெசினக்காவுக்குப் போகின்றன. மற்ற ஆட்களுக்கு அதே கதைதான். வெறும் முள்ளு, தொண்டையில் குத்தும்.

போன மாதம் ஐஸ் கட்டி ஒன்று என் காலில் விழுந்தது. வீட்டில் கிடந்தேன். சந்தை ஆட்கள் பழம் கொண்டு வந்தார்கள், பிஸ்கட் கொண்டு வந்தார்கள். சுறா வந்தார். ஒரு பையைக் குசினியில் வைத்தார். "சுகமோ?" என்றார். "ஓம்" என்றேன். போய்விட்டார்.

மனிசி பையைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டா. நொண்டிக்கொண்டு போனேன்.

பாரைத்தலை. இரண்டு கண்ணும் இருந்தது.