டுலூத் நண்பரின் காது

மூன்றாவது சரணத்தில் லோவல் ஹாகனின் வலது காதுக்குள் யாரோ விசில் அடித்தார்கள்.

புதன்கிழமை மாலை, சர்ச்சில் பாடகர் குழு ஒத்திகை. பெர்னீஸ் அம்மாள், குழாய்களில் காற்று புகுந்து ஒலிக்கும் பழைய ஆர்கன் வாத்தியத்தை வாசித்துக்கொண்டிருந்தார். லோவல் பாட்டை நிறுத்தாமல் கண்ணை மட்டும் சுழற்றிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற டுவேன் முகத்தில் சலனமே இல்லை. எதிர் வரிசைப் பெண்கள் சமர்த்தாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. ஆக, கோளாறு தன் காதில்தான்.

வெளியே சொல்ல முடியாது. போன வருடம் இப்படித்தான் ஒரு பாடகர், காதில் மணி அடிக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். குழுவை நடத்தும் மார்லிஸ் அடுத்த வாரமே அவருக்குக் கேக் வெட்டி, கை குலுக்கி, கீழே ஜனங்களோடு உட்கார வைத்துவிட்டாள்.

கிறிஸ்துமஸ் இரவுத் தனிப்பாட்டு லோவலுடையது. மகள் பிறந்த வருடத்திலிருந்து அவர்தான் பாடுகிறார். அந்த மகளுக்கே இப்போது மூட்டுவலி. இத்தனை வருடமும் டுவேன் அந்தப் பாட்டுக்காகப் புன்னகையோடு காத்திருக்கிறார்.

தவிர, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் யாரும் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிக்கொள்வதில்லை. ஒரு கால் ஒடிந்தால், "பரவாயில்ல, இன்னொண்ணு இருக்கே" என்பார்கள்.

காப்பி இடைவேளையில் லோவல் மெல்ல ஆரம்பித்தார்.

"டுலூத்ல எனக்கு ஒரு நண்பர். பாவம், அவருக்குக் காதுல ஏதோ விசில் சத்தமாம்."

டுவேன் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்படியா? ஃபார்கோல என் ஒண்ணுவிட்ட அண்ணன் ஒருத்தருக்கும் இதேதான். ஆலிவ் எண்ணெயை வெதுவெதுப்பா ரெண்டு சொட்டு விடுறாரு. ரொம்ப சிம்பிள் வைத்தியம்ப்பா."

"கேட்டுச்சா?"

"இன்னும் விட்டுக்கிட்டுதான் இருக்காரு."

லோவல் தாராளமாகவே விட்டுக்கொண்டார். காது அடைத்துக்கொண்டது. உலகம் வெளியே போயிற்று. விசில் மட்டும் போகவில்லை. மற்றவர்கள் குரல் சரியாகக் கேட்காததால், அடுத்த ஒத்திகையில் அளவு தெரியாமல் உரக்கப் பாடினார்.

"லோவல், இன்னிக்கு நீங்க ரொம்ப உற்சாகமா இருக்கீங்க" என்றாள் மார்லிஸ். அந்த ஊரில் இதைவிடக் கடுமையாக யாரையும் திட்டுவதில்லை.

இடைவேளையில் எதிர் வரிசை ஜாய்ஸ் அருகே வந்தாள். "உங்க டுலூத் நண்பர் எப்படி இருக்காரு?"

"அடைச்சுக்கிச்சாம்."

"எண்ணெயெல்லாம் எதுக்குங்க? விஸ்கான்சின்ல என் நாத்தனார் ஒருத்தி, பூண்டுப் பல்லைப் பஞ்சுல சுத்திக் காதுல வெச்சுக்கறா. அவ்வளவுதான்."

லோவல் பூண்டு வைத்துக்கொண்டு வந்தார். டுவேன் ஓர் அடி தள்ளி நின்றார். எதிர் வரிசையிலிருந்தும் பூண்டு வாடை வருவது போலிருந்தது. தன் வாடைதான் சுவரில் மோதித் திரும்புகிறது என்று லோவல் வெட்கப்பட்டார். விசில் மட்டும் பாட்டு தவறாமல் வந்தது.

வாசலில் மார்லிஸ் பிடித்துக்கொண்டாள். "உங்க நண்பர்கிட்ட சொல்லுங்க. காப்பியையும் உப்பையும் விட்டாப் போதும். எங்க சித்தி ஒருத்தங்க விட்டிருக்காங்க."

ஞாயிறு ஆராதனை முடிந்தது. சர்ச்சின் கீழ்த்தளத்தில் கோப்பை நீண்டது. "எனக்குக் காப்பி வேண்டாம்" என்றார் லோவல்.

எல்லாத் தலைகளும் திரும்பின. லூத்தரன் சபைக்காரர் ஒருவர் காப்பியை மறுத்து அந்தக் கீழ்த்தளம் கண்டதில்லை. யாரோ நாற்காலி இழுத்துப் போட்டார்கள். பாதிரியார் வந்து தோளில் கை வைத்து, ஜெபம் செய்துவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் மனைவி ஆர்டிஸ் சமையலறையிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏங்க, நீங்க செத்துட்டீங்களா?"

"ஏன்?"

"மூணு வீட்டுலேருந்து ஹாட்டிஷ் வந்திருக்கு. எங்கப்பா செத்தப்பகூட ரெண்டுதான் வந்துது."

சாவு வீட்டுக்கும் நோயாளி வீட்டுக்கும் அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் பண்டம் அது: மாட்டிறைச்சியில் காளான் சூப் ஊற்றி, மேலே உருளைக்கிழங்கு உருண்டைகள் அடுக்கி அடுப்பில் வேகவைத்த தட்டுகள். உப்பு தாராளம். வந்ததைத் தின்னாமல் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது அங்கே பாவம். லோவல் வாரம் முழுவதும் தின்றார். கால் வீங்கியது. மூச்சு வாங்கியது. அதைப் பார்த்தவர்கள் மேலும் ஹாட்டிஷ் கொண்டுவந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மார்லிஸ் போன் செய்தாள்.

"இந்த வருஷம் நீங்க கொஞ்சம் ஓய்வெடுக்கலாமேன்னு தோணிச்சு. தனிப்பாட்டை டுவேன் பார்த்துக்கறேங்கறாரு. ரொம்பத் தயங்கித்தான் ஒத்துக்கிட்டாரு."

"நல்ல யோசனைதான்" என்று சொல்லிவிட்டு, லோவல் கார் நிறுத்தும் கொட்டகைக்குப் போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டார். ஆர்டிஸ் வந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"என்ன சங்கதி, சொல்லுங்க."

"டுலூத்ல எனக்கு ஒரு நண்பர்..."

"டுலூத்ல உங்களுக்கு ஒரு நாய்கூடத் தெரியாது. வண்டியை எடுங்க."

பக்கத்து டவுன் காது டாக்டர் முதலில் பூண்டை எடுத்தார். பிறகு எண்ணெயை எடுத்தார். பிறகு சத்தம் புகாத ஒரு கண்ணாடி அறைக்குள் லோவலை உட்கார வைத்துப் பலவிதமாகச் சோதித்தார்.

"கல்லூரிப் பையன் காது மாதிரி இருக்கு. ஒரு குறையும் இல்ல."

"அப்ப விசில்?"

"இங்க கேட்டுச்சா?"

"இல்ல. பாடும்போதுதான் டாக்டர். சர்ச்சுல."

டாக்டர் அவரை வினோதமாகப் பார்த்தார். "போய்ப் பாடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவைத்தார்.

வெளியே வரவேற்பு மேசையில் ஒரு பெண் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். ஆர்டிஸ் கோட்டு மாட்டிக்கொண்டிருக்கும்போது லோவல் மேசைமேல் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, ஒரு சின்ன உதவி. நான் வந்தது எங்க சர்ச்சுல யாருக்கும் தெரிய வேண்டாம். முக்கியமா, பாடகர் குழுவுக்கு."

அவள் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள்.

"பேரைச் சொல்லக் கூடாதுங்க, ஆனா உங்க குழுவுல அத்தனை பேரும் இதே இடத்துல நின்னு இதையேதான் கேட்டுட்டுப் போனாங்க, இன்னும் வைத்தியத்துக்கு வராதது உங்க ஆர்கன் ஒண்ணுதான்."