துப்பாக்கியால் அறுத்த கயிறு

துப்பாக்கியைத் துடைப்பவனுக்குச் சுடவும் தெரியும் என்று நம்புகிற அப்பாவிகள் இருக்கிறார்கள். அவர்களில் முதல் ஆள் நான்தான்.

வெள்ளைக்காரன் காலம். கொல்லிமலையிலிருந்து இறங்கி, முள்ளுக்குறிச்சியில் ஒரு மரக் கண்டிராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அவருடைய ரைபிளுக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பது என் பொறுப்பு. (சுட்டதில்லை. தோளில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றிருக்கிறேன்.)

மலைமேல் தேவனூர் நாட்டில் என் அத்தை மகள் வெள்ளையம்மா இருந்தாள். அவளைத்தான் கட்டுவது என்று நான் முடிவு செய்து வெகுநாளாகிவிட்டது. அத்தைதான் பிடி கொடுக்கவில்லை. "கீழ போனவனுக்குக் காட்டு வேலை மறந்திருக்கும்" என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "உங்க அவரையைத் திங்கற முயலை நான் சுட்டுக் கொண்டாரேனுங்க அத்தை. அப்புறம் பேசிக்கலாமுங்க."

"கொண்டா சாமி. அன்னைக்கே வெத்தலை மாத்திக்கலாம்."

கண்டிராக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி ரைபிளை இரவல் வாங்கிக்கொண்டு மலையேறினேன். மறுநாள் விடியற்காலை அத்தையின் காட்டுக்குப் போனேன். சாமை அறுத்த வெட்டவெளி. ஒதுங்கி நிற்க ஒரு செடி கிடையாது. காட்டின் ஓரத்தில் அவரைக்கொடியின் பக்கம் ஒரு முயல் உட்கார்ந்திருந்தது.

நான் நடந்தேன். அது ஓடவில்லை. இன்னும் கிட்டப் போனேன். காதை மட்டும் ஆட்டியது. என் கம்பீரத்தைப் பார்த்து அதற்குக் கால் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். (சிரிக்காதீர்கள். இருபது வயதில் அப்படித்தான் நினைக்கத் தோன்றும்.) குறி பார்த்தேன், சுட்டேன், மல்லாக்க விழுந்தேன். தோள்பட்டை கழன்றுவிட்டது என்றே நினைத்தேன்.

எழுந்து பார்த்தால் முயல், வாலைக் காட்டிக்கொண்டு அடுத்த மேட்டில் ஓடுகிறது. அதன் பின்னங்காலில் ஒரு முழம் கற்றாழைக் கயிறு. மீதிக் கயிறு முளைக்குச்சியில் அறுந்து தொங்கியது. அத்தை முந்தின நாளே கண்ணி வைத்திருக்கிறாள். முயல் அதில் மாட்டித்தான் உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் மலையில், வேட்டைச் சத்தம் கேட்டு ஓடி வருகிற எல்லோருக்கும் கறியில் பங்கு உண்டு. கூட வரும் நாய்க்கும் உண்டு. அன்று ஊரே இலையும் கையுமாக வந்து நின்றது. அத்தைக்குப் பின்னால் வெள்ளையம்மாவும் நின்றாள். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. என் கல்யாணம்தான் அந்த மேட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அத்தை அறுந்த கயிற்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அருவா இருந்தா இன்னும் வெரசா அறுத்திருக்கலாமே கண்ணு" என்றாள்.

அடுத்தவர் கண்ணியில் விழுந்ததை அவிழ்த்துவிட்டால், கண்ணிக்காரர் சொல்கிற வேலையைச் செய்து தீர்க்க வேண்டும். அதுவும் எங்கள் வழக்கம்தான். ரைபிளைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவரை பறித்து முடியும்வரை காவல் பரண்மேல் உட்கார்ந்து முயல் விரட்டத் தகரம் தட்டினேன். தினமும் வெள்ளையம்மா சாமைச்சோறு கொண்டுவருவாள். வைத்துவிட்டு, "ஏனுங்க, கயிறு எதாச்சும் அறுக்கோணுங்களா?" என்று கேட்பாள். நான் தலை நிமிராமல் சாப்பிடுவேன்.

அறுவடை முடிந்த அன்று அத்தை தானாகவே வெற்றிலைத் தட்டை எடுத்து வைத்தாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"முயல் கொண்டாரலீங்களே அத்தை?"

"துப்பாக்கியும் கையுமா அலையறவனுக்கு எப்படிப் புள்ளையைக் குடுக்கறதுன்னுதான் பயந்துட்டு இருந்தேன். அன்னைக்குப் பாத்ததும் தெளிஞ்சுட்டுது. உன்னால ஒரு உசுருக்கும் ஆபத்து இல்ல."

பேரன் பேத்தி எடுத்தாயிற்று. இன்றைக்கும் வீட்டில் மிளகு மூட்டையின் முடிச்சு இறுகிப்போனால் யாரும் அதை அவிழ்க்கப் பார்ப்பதில்லை. உள்ளேயிருந்து வெள்ளையம்மா சொல்வாள்: "உங்க தாத்தாவைக் கூப்புடுங்க. துப்பாக்கியோட வரச் சொல்லுங்க."