சேலம் போய் வந்த வாரண்டு

தருமபுரி கோர்ட்டில் நான் வக்கீல். என்னைவிடத் திறமையான வக்கீல்கள் அங்கே ஏழு பேர் இருந்தார்கள். மொத்தம் எட்டுப் பேர். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, குள்ளம்மாளைக் கேட்டால் அவளே சொல்லுவாள்.

நல்லம்பள்ளிப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் ராகி போட்டுத் தனியாகப் பிழைத்தவள் குள்ளம்மாள். மதுவிலக்கு வந்த மறுவருஷம், ஹெட் கான்ஸ்டபிள் மாதையன் சர்ச் வாரண்டுடன் அவள் வீட்டில் நுழைந்து ஒரு பானையைக் கைப்பற்றினார். பானையில் புளித்த வாடை அடித்தது. ஆகவே அது சாராய ஊறல். வாயில் வைத்துப் பார்த்திருக்கலாமே என்றால், மதுவை வாயில் வைப்பது சட்டப்படி குற்றமாயிற்றே!

விசாரணைக்கு முந்தின நாள் என்னிடம் வந்து அழுதாள்.

“அது கூழுங்க சாமி. கூழு புளிக்காம என்னங்க பண்ணும்? பத்து நாள்ல ராகி அறுக்கணும். நான் உள்ள போயிட்டா குருவி ஒண்ணும் மிச்சம் வெக்காதுங்க.”

“கூழ விடும்மா. நமக்கு ஒரு பாயிண்டு கெடச்சிருக்கு!”

பாயிண்டு இதுதான். சோதனை முடிந்து மூன்று நாளில் வாரண்டைக் கோர்ட்டில் திருப்பித் தரவேண்டும் என்று வாரண்டிலேயே எழுதியிருந்தது. திரும்பியதோ பத்தொன்பதாம் நாள். தாமதமாகத் திரும்பிய வாரண்டு செல்லாது. வாரண்டு செல்லாவிட்டால் சோதனை செல்லாது. சோதனை செல்லாவிட்டால் பானை சாட்சியமாகாது. இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மாதையனைக் கூண்டில் ஏற்றிக் கேட்டேன்.

“ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் எவ்வளவு தூரம்?”

“நடுவுல ஒரு புளியமரங்க.”

“அதத் தாண்டப் பத்தொம்பது நாளா?”

“தபாலு மேலாபீஸ் வழியாத்தான் போகணுங்க. சேலம் போயி, கையெழுத்தாகித் திரும்பி வந்துச்சுங்க.”

“நேரா நீங்களே கொண்டாந்து குடுத்திருக்கலாமே?”

“அய்யோ, அது முறைகேடுங்களே!” என்று மாதையன் பதறிப்போனார்.

இரண்டு நாள் வாதம் கேட்ட மாஜிஸ்திரேட் தீர்ப்பு வாசித்தார். “தாமதம் வருந்தத்தக்கதே. எனினும் அது வெறும் ஒழுங்கின்மை. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. தாமதமாகத் திரும்பிய காரணத்தால் மட்டும் ஒன்று செல்லாமற் போய்விடாது. சாட்சியம் ஏற்கத்தக்கது. எதிரிக்கு ஒரு மாதக் காவல்.”

பானையில் என்ன இருந்தது என்று அந்த இரண்டு நாளில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

குள்ளம்மாளைக் கோர்ட்டுக்குப் பின்னாலிருந்த சப் ஜெயிலில் அடைத்தார்கள். நான் சேலத்துக்கு முப்பத்திரண்டு பக்க அப்பீல் எழுதினேன். முப்பத்திரண்டும் தாமதத்தைப் பற்றித்தான். எழுதின ஜோரில் ஜாமீன் கேட்க மறந்துவிட்டேன்.

சேலம் ஜட்ஜ் முதல் பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. “பானையில் என்ன இருந்தது?” என்றார்.

சர்க்கார் வக்கீல் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். “கூழ் என்று சொன்னாள்” என்றேன்.

“சாராயம் என்று யாராவது ருசுப்பித்தார்களா?”

யாரும் இல்லை. அவள் உள்ளே போன எட்டாம் நாளே விடுதலை உத்தரவாகிவிட்டது. அன்றே பஸ் பிடித்து வந்து ஜெயிலரிடம் மூச்சிரைக்கச் சொன்னேன்.

“ரொம்ப சந்தோஷங்க. உத்தரவு முறையான வழியில வரட்டுங்க” என்றார் அவர்.

வந்தது. முப்பதாம் நாள் காலையில், நான்கு முத்திரைகளோடு வந்தது. அன்றைக்கு அவளுடைய தண்டனையும் முடிந்திருந்தது.

மாலையும் கையுமாக வாசலில் நின்றேன். “ஜெயிச்சிட்டோம் குள்ளம்மா! உத்தரவு கொஞ்சம் தாமதந்தான். ஆனா செல்லும், பூரணமாச் செல்லும்!”

அவள் மாலையை வாங்கவில்லை.

“அப்படிங்களா சாமி? அப்ப ஒரு நட நம்ம காட்டுக்கு வாங்க. தாமசமா வந்தா யாருக்கும் நட்டமில்லீனு அந்த ராகித் தட்டைங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. பாயிண்டு தெரியாம அதுங்க எல்லாத்தையும் குருவிக்குக் குடுத்துட்டு மொட்டையா நிக்குதுங்களாம்.”

வருகிறேன் என்றேன். ஆறு வருஷமாகிறது, இன்னும் போகவில்லை. வெறும் ஒழுங்கின்மைதான்.