நாவல் பிறந்த கதையும் நாவல் படிக்காத தங்கதுரையும்

பின்னணிக்காரர் என்று ஓர் இனம் உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு நாவல் எந்தக் காலத்தில், எந்த வர்க்கத்தின் வயிற்றில், எந்த அச்சு இயந்திரத்தின் புண்ணியத்தில் பிறந்தது என்று மூச்சுவிடாமல் சொல்வார். அதில் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று கேட்டால் மட்டும் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

திருப்பூர்க் கல்லூரியொன்றின் ஆங்கிலப் பேராசிரியர் தங்கதுரை இந்த இனத்தின் தலைமகன். வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் அவர் நடத்திவரும் பாடம், ஆங்கில நாவலின் தோற்றமும் சமூகப் பின்னணியும். லண்டன் வணிகர்கள் கையில் காசு சேர்ந்தது, அவர்கள் வீட்டுப் பெண்களுக்குப் பொழுது மிஞ்சியது, அச்சு மலிந்தது, வாடகை நூலகங்கள் முளைத்தன, ராஜா ராணிக் கதை அலுத்துச் சாதாரண மனிதரின் கதைக்கு ஆள் சேர்ந்தது. வகுப்பில் மட்டுமா? காதர்பேட்டையில் பனியன் வாங்கப் போனாலும் கடைக்காரரிடம், "உங்களை மாதிரி வியாபாரிங்க இல்லீன்னா இங்கிலீசுல நாவலே வந்திருக்காதுங்க" என்பார். கடைக்காரர் பயந்துபோய் விலையைக் குறைத்துவிடுவார்.

அவர் நாவல் படித்தாரா? எங்கே நேரம்!

மனைவி அன்புசெல்விக்கு ஏற்றுமதி நிறுவனமொன்றில், வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலை. கம்பெனி பஸ்ஸில் போகவர, செல்போனில் தட்டித் தட்டியே ஒரு நாவலை எழுதி முடித்தாள். அது புத்தகமாக வந்ததும் அவர் முன் வைத்து, "ஏனுங்க, படிச்சுப் பாக்கறீங்களா?" என்றாள்.

தங்கதுரை அட்டையைத் தடவினார். "பொம்பளைங்க நாவல் எழுத வந்தாங்க பாரு அன்பு, அதுக்கு ஒரு பின்னணி..."

அன்புசெல்வி குக்கரை இறக்கப் போய்விட்டாள்.

வெளியீட்டு விழா வந்தது. வாசகர் வட்டத் தலைவர் சுப்பண்ணன், "நாவலைப் பத்திச் சாரை உட்டா வேற ஆருங்க பேசறது?" என்று தங்கதுரையையே மேடையேற்றினார். அவர் லண்டனில் புறப்பட்டு, கடல் தாண்டி, மனைவியின் புத்தகத்துக்கு வந்து சேர்வதற்குள் விருந்தினருக்கு வைத்த பஜ்ஜி ஆறிவிட்டது. கடைசியில் முழங்கினார்: "நடுத்தர வர்க்க நாவலின் இலக்கணப்படி, இந்தக் கதாநாயகியும் முடிவில் கணவனின் அன்பைப் புரிந்துகொண்டு குடும்பத்தோடு ஒன்றிவிடுகிறாள்!"

கைதட்டல் வரவில்லை. முன்வரிசையிலிருந்த வாசகர் வட்டத்தார் தத்தம் செருப்பைப் பார்த்தார்கள். அவர்கள் முன்கூட்டியே வாங்கிப் படித்திருந்தார்கள்.

"இல்லீங்க," என்றாள் பக்கத்து நாற்காலியிலிருந்த அன்புசெல்வி. மைக் அதையும் பிடித்துக்கொண்டது. "அவ புருசன் ஊட்டை உட்டுப் போயிர்றாளுங்க."

திரும்பும்போது ஸ்கூட்டரில் தங்கதுரை மெல்லக் கேட்டார்: "அன்பு, அது வெறுங்கதைதானே?"

"படிச்சுப் பாருங்க."

மறுநாள் விடுப்பெடுத்துப் படித்தார். பயத்தில்தான் தொடங்கினார். ஆனால் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் போயிற்று. கதையில், மங்கலம் என்ற ஊரின் தறிக்காரர் ஒருவரின் மனைவி, தன் மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுவதைச் சொல்ல வருகிறாள். அவரோ நூல் விலை ஏறியதன் காரணங்களை விளக்கிக்கொண்டே இருக்கிறார். அவள் சொல்லாமலே திரும்பிவிடுகிறாள்.

அன்புசெல்வி வேலை முடிந்து வந்தபோது அந்தப் பக்கத்திலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"இந்தக் கட்டி... உனக்கா?"

"போன வருசமுங்க. பயப்பட ஒண்ணுமில்லைன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"ஆரு கூட வந்தா?"

"ஆரும் வல்லீங்க. நான் மட்டுந்தான்."

தங்கதுரை புத்தகத்தை மூடி வைத்தார். ஆனாலும் பழக்கம் விடுமா? மருத்துவமனைகள் தோன்றிய வரலாறு நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பின்னணியை விழுங்கினார்.

"உக்காரு அன்பு. முதல்ல இருந்து சொல்லு."

அவள் நம்பாமல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தாள்.

அது போகட்டும். இதைப் படிக்கும்போதே, ‘பனியன் தொழிலால் பெண்கள் கையில் சம்பளம் வந்ததன் விளைவுதான் இதெல்லாம்’ என்று உங்கள் மனத்தில் ஒரு வாக்கியம் ஓடியதா? ஓடியிருந்தால், ஐயா, உங்கள் வீட்டில் யாராவது செல்போனில் ஏதாவது தட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.